பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

*புது பேட்டரி போட்டும் வண்டி கிளம்பவில்லையா? குற்றவாளி பெரும்பாலும் ஒரு ரப்பர் வளையம்தான்.*

ஜூலை மாத மும்பை. மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளில் வழக்கம்போல் தண்ணீர் தேங்கி, வண்டிகள் எறும்பாக ஊர்கின்றன. வைப்பர், ஹெட்லைட், ஏ.சி. எல்லாம் ஓடுகின்றன. ஒரு டாக்ஸியின் பானெட்டுக்குள்ளிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம். ஹெட்லைட் மங்குகிறது. டேஷ்போர்டில் சிவப்பாக பேட்டரி விளக்கு மினுக்குகிறது. சிறிது நேரத்தில் இன்ஜின் நின்றுவிடுகிறது. செல்ஃப் அடித்தால் 'டக் டக்' மட்டும்தான்.

அடுத்து நடப்பதை யாரும் ஊகிக்கலாம். தள்ளு ஸ்டார்ட், மறுநாள் காலை ஆயிரக்கணக்கில் செலவழித்து புது பேட்டரி. நான்கே நாளில் மறுபடியும் அதே கதை. தாராவியிலோ செம்பூரிலோ வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுபவருக்கு இது வெறும் எரிச்சல் அல்ல. அன்றைய வருமானம் போச்சு. வாடகை மட்டும் தப்பாது.

பேட்டரி ஒரு குடம், அவ்வளவுதான். அதை நிரப்பும் பம்பு ஆல்டர்னேட்டர். இன்ஜின் ஓடத் தொடங்கியபின் விளக்கு, ஏ.சி. விசிறி, பெட்ரோல் அல்லது சி.என்.ஜி. வண்டியின் ஸ்பார்க் பிளக் வரை எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது அதுதான். ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது பெல்ட். பெல்ட் தேய்ந்து வழுக்கினால் ஆல்டர்னேட்டர் சோம்பிச் சுழலும். பற்றாக்குறையை பேட்டரி ஈடுகட்டும். புதுக் குடமானாலும் எத்தனை நேரம் தாங்கும்?

மழைக்கால இரவில்தான் குட்டு வெளிப்படும். மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும். நெரிசலில் இன்ஜின் வேகமோ மிகக் குறைவு. போதாக்குறைக்கு ஈரமான பெல்ட்.

பத்மினி கற்றுத்தந்த பாடம்

மும்பை டாக்ஸிக்காரர்களுக்கு இது பழைய பாடம். குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த ஃபியட், 1974 முதல் 'பிரீமியர் பத்மினி' என்ற பெயரில் நகரின் கறுப்பு-மஞ்சள் டாக்ஸியாகக் கோலோச்சியது. டாக்ஸிகளுக்கு 20 ஆண்டு வயது வரம்பு இருப்பதால் 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்ஸி சாலையிலிருந்து விடைபெற்றது. அதில் பானெட்டைத் திறந்ததுமே ஃபேன் பெல்ட் கண்ணில் படும். சார்ஜ் ஏற்றுவதும், ரேடியேட்டர் விசிறியையும் தண்ணீர் பம்பையும் சுற்றுவதும் அந்த ஒரே பெல்ட்தான். அறுந்தால் டெம்பரேச்சர் முள்ளே காட்டிக் கொடுத்துவிடும். இன்றைய கார்களில் விசிறி மோட்டாரில் ஓடுகிறது. பெல்ட் இடுக்கில் ஒளிந்திருக்கிறது. கண்ணில் படாததால் கவனத்துக்கும் வருவதில்லை.

காது, கண், கட்டைவிரல்

நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

முதலில் காது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் 'கீச்' என்றால் பெல்ட் வழுக்குகிறது. செல்ஃப் இழுத்த மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பித் தர, அந்த நேரத்தில் ஆல்டர்னேட்டர் பாரம் இழுக்கிறது.

அடுத்து கண். இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு பாருங்கள். பழைய வி-பெல்ட் தன் இரு பக்கவாட்டுச் சுவர்களால்தான் புல்லியைப் பற்றுகிறது. அந்தச் சுவர்கள் கண்ணாடிபோலப் பளபளத்தாலோ, பெல்ட்டின் அடிப்பாகம் புல்லியின் பள்ளத்தைத் தொட்டாலோ அதன் ஆயுள் முடிந்தது. புதிய கார்களின் வரிவரியான பெல்ட் சற்றுக் கள்ளத்தனமானது. அதன் நவீன ரப்பர் எளிதில் வெடிக்காது. வரிகள் மட்டும் டயரைப்போல் சத்தமின்றித் தேயும். விரிசல் இல்லை என்பதால் நல்ல பெல்ட் என்று நம்பிவிடக் கூடாது.

மூன்றாவது கட்டைவிரல். வி-பெல்ட்டை இரு புல்லிகளுக்கு நடுவே அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கலாம். வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. தானே இழுத்துக்கொள்ளும் டென்ஷனர் உள்ள வண்டிகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

கடைசியாக மல்டிமீட்டர். இரவு முழுக்க நின்ற வண்டியின் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட்டையும் ஏ.சி. விசிறியையும் போட்டுப் பார்த்தால் பொதுவாக 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 13-க்குக் கீழே இறங்கி, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பெல்ட் கத்தினால் குற்றவாளி அகப்பட்டான். பெல்ட் இறுக்கமாக, நன்றாக இருந்தும் வோல்ட் ஏறவில்லையா? அப்போதுதான் ஆல்டர்னேட்டரின் பிரஷ், ரெகுலேட்டர், டயோடு, ஒயர் என்று போக வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். வண்டி ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி 'சார்ஜ் பார்க்கும்' பழைய வித்தை இன்று ஆபத்து. திடீரென எகிறும் வோல்டேஜ் டயோடுகளையும் கம்ப்யூட்டரையும் கொளுத்திவிடும். பெல்ட்டை அளவுக்கு மீறி முறுக்குவதும் தவறு. ஆல்டர்னேட்டர் பேரிங்கும் தண்ணீர் பம்பு பேரிங்கும் சீக்கிரம் போகும். தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடும் வண்டியில் பெல்ட் அறுந்தால் 'வீடு வரை போய்விடலாம்' என்று துணியக் கூடாது. இன்ஜின் கொதித்து ஹெட் வளைந்தால் செலவு பேட்டரியோடு நிற்காது.

குர்லா சி.எஸ்.டி. சாலையின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் தமிழ்நாட்டுச் சரக்கு புதிதல்ல. மதுரையில் ஃபென்னர் பெல்ட் தயாரிக்கிறது. சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். 1960களிலிருந்து வாகன மின்கருவிகள் தயாரிக்கிறது. பெல்ட்டின் விலை பேட்டரி விலையில் ஒரு சிறு பங்குதான்.

இருந்தும் 'கீச்' சத்தம் தானாக நின்றதும் நிம்மதியாகிவிடுபவர்களே அதிகம். பேட்டரி கொஞ்சம் நிரம்பியதும் பாரம் குறைகிறது, சத்தம் நிற்கிறது. தேய்மானம் நிற்பதில்லை.