1967: தோற்றது யார்?

“காமராஜரையே தோக்கடிச்ச ஜனங்கடா இது. இதுங்களை நம்பி அரசியல் பண்ண முடியுமா?” கீழத்தஞ்சையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தாத்தா அடிக்கடி சொன்ன வாசகம் இது. கதர்க்காரர். எதிர்த்திண்ணையில் சின்னத்தாத்தா; கறுப்பு சிவப்புக் கரை வேட்டி. “மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு, அண்ணே” என்பார். இருவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. ஆனால் ஒவ்வொரு தேர்தல் முடிவின்போதும் இந்த இரண்டு குரல்களும் எங்காவது கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே கதையாடல்தான். இரண்டிலும் ‘மக்கள்’ என்பது ஒற்றை ஆள். ஒரே மனசு, ஒரே வாய். ஒருவருக்கு அந்த ஆள் நன்றி கெட்டவன், மற்றவருக்குக் கடவுள். இந்த ஒற்றை ஆளைத்தான் நான் இங்கே கேள்விக்குள்ளாக்க விரும்புகிறேன்.

முதலில் கணக்கு. 1962 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கியது சுமார் 46 சத வாக்கு. மொத்தம் 206 இடங்களில் 139. 1967இல் 41 சத வாக்கு. 234 இடங்களில் 51. சதவீதம் குறைந்ததே தவிர, காங்கிரசுக்கு விழுந்த ஓட்டின் எண்ணிக்கை குறையவில்லை, கூடவே செய்தது. 137 இடங்களைப் பிடித்த தி.மு.க.வின் வாக்கும் கிட்டத்தட்ட அதே 41 சதம்தான். தி.மு.க. நின்றது 174 இடங்களில் மட்டும் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்பது உண்மை. ஆனாலும், ‘மக்கள் காங்கிரசைத் தூக்கியெறிந்தார்கள்’ என்கிற வாக்கியம் இந்தக் கணக்கின் முன்னால் தடுமாறுகிறது. விருதுநகரில் காமராஜர் தோற்றது 1,285 ஓட்டில்.

பின் எப்படி? இந்தி, அரிசிப் பஞ்சம், ரூபாய்க்கு மூன்று படி, கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். சுவரொட்டி, மாணவர்கள் என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். எல்லாம் நிஜம். ஆனால் இவை கோபத்தைத்தான் விளக்குகின்றன. கோபம் எப்படி இடங்களாக மாறியது என்பதை விளக்கவில்லை. 1962லேயே நூற்றுக்கு ஐம்பத்து நான்கு பேர் காங்கிரசுக்குப் போடவில்லை. அந்த ஓட்டுகள் தனித்தனிச் சாக்கில் கிடந்தன, அவ்வளவுதான். 1967இல் அவை ஒரே சாக்குக்கு வந்தன.

வந்தவர்கள் யார் என்று பாருங்கள். 1952இல் முதலமைச்சரானதும் கம்யூனிஸ்டுகளையே தம் முதல் எதிரி என்று அறிவித்த ராஜாஜி, மார்க்சிஸ்டுகள் இருந்த அதே அணியில். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய அவரே, இந்தி எதிர்ப்பாளர்களின் தோழர். அன்று அவரை எதிர்த்துச் சிறை சென்ற பெரியாரோ காங்கிரசுக்கு ஓட்டுக் கேட்கிறார். ‘மக்களின் ஒரே குரல்’ என்று எதை இங்கே காட்டுவது?

ஒருவரையொருவர் சகிக்காத இவர்களை ஒரே பாயில் உட்கார வைத்தது அண்ணாவின் சாமர்த்தியம் என்பார்கள். பாதிதான் சரி. மீதிப்பாதியைச் செய்தது காங்கிரஸ். அது வெறும் கட்சியாக இருந்ததில்லை. ஒரு மண்டபமாக இருந்தது. மிராசுதார், வியாபாரி, ஊர்ப் பெரிய மனுஷன் எல்லாரும் உள்ளேயே சண்டை போட்டு உள்ளேயே பேரம் பேசினார்கள். காமராஜரின் பள்ளிகளும் மதிய உணவும் அந்த மண்டபத்தின் வாசலைக் கொஞ்சம் அகலப்படுத்தின. 1963இல் அவர் முதலமைச்சர் பதவியை விட்டுப் போனார். 1965இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது பக்தவத்சலம் அரசு கொடுத்த பதில் துப்பாக்கிச்சூடு, ராணுவமும் வந்தது. உள்ளே பேச வழியில்லாதவர்கள் வெளியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரம் தடியால் மட்டுமல்ல, இசைவாலும் நிற்கிறது என்றார் கிராம்ஷி. இசைவு முதலில் போகிறது. நாற்காலி கடைசியில்தான் போகிறது.

பின்னால் வந்தவர்களுக்கும் இதே கதைதான். 1991இல் தி.மு.க.வுக்குச் சுமார் 22 சத வாக்கு, இடம் இரண்டு. 1996இல் அ.தி.மு.க.வுக்குச் சுமார் 21 சதம், இடம் நான்கு; பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். 2004 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. ஏறத்தாழ 30 சதம் வாங்கி ஓரிடம்கூடப் பெறவில்லை. 25 சதத்துக்கும் குறைவாக வாங்கிய தி.மு.க. நின்ற பதினாறிலும் ஜெயித்தது. தோற்றவர்கள் உடனே “கூட்டணிக் கணக்கு தப்பிடுச்சு” என்பார்கள். நான் சொல்வது அதுவல்ல. கூட்டணி வெறும் கூட்டல் கணக்கு இல்லை. கூட்ட முடியாதவற்றைக் கூட்டும் அளவுக்கு வெறுப்பைச் சம்பாதித்தவன் ஆள்பவன்தான். அதை மறைக்கத்தான் ‘நன்றி கெட்ட ஜனங்கள்’ தேவைப்படுகிறார்கள்.

ஜெயித்தவனுக்கு ‘மகேசன் தீர்ப்பு’ ஏன் தேவைப்படுகிறது? தனக்குப் போடாதவர்களை இல்லாமலாக்க. நமக்கு இது இன்னும் ஆபத்தானது. ஆட்சி மாறியதையே சமூகம் மாறியதாக நம்ப வைத்துவிடும். 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. ஆட்சி மாறி ஒண்ணே முக்கால் வருஷம். கூடுதல் கூலி நெல் கேட்டுச் செங்கொடியின் கீழ் நின்ற தலித் விவசாயக் கூலிகளின் சேரியில், ஒரே குடிசைக்குள் நாற்பத்து நான்கு பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அந்தச் செங்கொடிக் கட்சி 1967இல் வென்ற அணியில் இருந்தது. வழக்கில் நிலச்சுவான்தார்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. காங்கிரஸ் தோற்றது, சரி. மிராசுதார் தோற்கவில்லை. அவர் வேட்பாளராகவே நிற்கவில்லையே, எப்படித் தோற்பார்?

அந்தத் திண்ணை விவாதங்களை யோசித்தால் இன்னொரு ஆளும் ஞாபகத்துக்கு வருகிறார். திண்ணைக்குக் கீழே, வாசலில், கூலி நெல்லுக்காகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர். தாத்தாக்கள் இருவரும் ‘ஜனங்க’, ‘மக்கள்’ என்று மாறி மாறிப் பேசியது அவரைப் பற்றியும்தான். நீ யாருக்குப் போட்டே, ஏன் போட்டே என்று இருவரும் அவரைக் கேட்டதில்லை. வளர்ந்து, படித்து, இயக்கம், பத்திரிகை என்று வந்த பிறகு நானும் கேட்கவில்லை. தேர்தல் தோல்விக்குக் காரணம் தேடும் நம் கட்டுரைகள், இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இன்னும் அந்தத் திண்ணையிலிருந்துதான் எழுதப்படுகின்றன.