ஒரு ஜாண் பாதாளம்

பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்குப் பஸ் ஏறினாலே பெரியம்மா கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். கோயிலின் 365 படிகளை அநாயாசமாக ஏறிவிடுவார்; பஸ்தான் ஆகாது. பழத்தை முகர்ந்துகொண்டே போய்ச் சேர்வார்.

போன கோடையில் அவரை ஊட்டிக்கு அழைத்துப் போனோம். கடைத்தெருவில் ஓரிடத்தில் டைனோசர் வாய் பிளந்து நிற்கும் ஃபிளெக்ஸ், '9டி' என்று கொட்டை எழுத்து. நாலு நிமிஷப் படம், தலைக்கு 150 ரூபாய். உள்ளே ஆறு நாற்காலி, ஒரு திரை, கொஞ்சம் ஈரவாடை. பெரியம்மா தன் பவர் கண்ணாடிக்கு மேலேயே அவர்கள் கொடுத்த கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சுரங்க ரயில், உடைந்த பாலம், அப்புறம் பாதாளம். வெளியே வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பழத்த ரூம்லயே வெச்சிட்டு வந்துட்டேன்டா."

நான் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். மூன்று பிஸ்டன். முழுக்க நீண்டாலும் நாற்காலி ஒரு ஜாணுக்கு மேல் ஏறி இறங்க வழியில்லை. ஒரு ஜாண் எப்படிப் பாதாளமானது?

பாதி வேலை கண்ணாடியுடையது. நம் இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறான காட்சியைப் பார்க்கிறது. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை தூரத்தைக் கணக்குப் போடுகிறது. சந்தேகமிருந்தால் எங்கள் பக்கத்துத் தறிக்காரர் யாரையாவது கேளுங்கள். அறுந்த பாவு இழையை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தறி விழுதின் துளையில் கோத்துப் பார்த்தால் தெரியும், கை எத்தனை தடவை தவறுகிறது என்று. இந்தக் கணக்கை 1838இல் விளக்கிக் காட்டியவர் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். புகைப்படமே உலகுக்கு அறிவிக்கப்படாத காலம். கோட்டுச் சித்திரங்கள் இரண்டை வரைந்து, முகம் பார்க்கும் கண்ணாடிகளை வைத்து ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றாகக் காட்டினார். தாளில் இருந்த கோடுகள் கட்டையாக எழுந்து நின்றன.

சினிமாவில் சிக்கல் என்னவென்றால், திரை ஒன்று, கண் இரண்டு. இடக் கண்ணுக்கானதை வலக் கண் பார்த்துவிடக் கூடாது. ஒளியை ஓர் அலையாக நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி கேட்டுக்குள் கயிற்றை நுழைத்து மேலும் கீழும் உதறினால் அலை அந்தப் பக்கம் போகும். பக்கவாட்டில் உதறினால் கம்பியில் முட்டி நின்றுவிடும். அந்தக் கறுப்புக் கண்ணாடி அப்படியொரு கேட். இரண்டு படத்தையும் வெவ்வேறு சாய்வில் அதிரும் ஒளியில் காட்டுகிறார்கள். அந்தந்தச் சாய்வை மட்டும் அந்தந்தக் கண்ணாடி உள்ளே விடும். சாதாரண வெள்ளைத் திரை இந்தச் சாய்வைக் கலைத்துவிடும் என்பதால்தான் வெள்ளி பூசிய திரை. இந்த வகைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலையைத் தோள்பக்கம் சாய்த்துப் பாருங்கள், படம் இரட்டையாகக் கலங்கும்.

இந்தியாவின் முதல் 3டி படத்தைத் தந்தது ஒரு குட்டிச்சாத்தான். நவோதயா அப்பச்சன் தயாரித்து, அவர் மகன் ஜிஜோ இயக்கிய 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984இல் வந்தது. மலையாளப் படமென்றாலும் இசை இளையராஜா, ஒளிப்பதிவு அசோக்குமார். அடுத்த ஆண்டே விஜயகாந்த் நடித்த 'அன்னை பூமி' தமிழில் 3டியாக வந்தது. குட்டிச்சாத்தான் ஓடியபோது, கண்ணாடியால் மெட்ராஸ் ஐ பரவுகிறது என்று ஒரு வதந்தி கிளம்பியதாம். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கண்ணாடியைச் சுத்தம் செய்கிறோம் என்று பிரபல நடிகர்களையே திரையில் பேசவைக்க வேண்டியதாயிற்று. ஆனால் எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது 3டி அல்ல. ஒரு பாடலில் பிள்ளைகள் சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடப்பார்கள். நடந்தது வேறு: அறை முழுவதையும் இரும்புக் கூட்டில் செய்து சுழற்றினார்கள். கேமராவும் அறையோடு சேர்ந்தே சுழன்றதால் அறை அசையாததுபோலத் தெரிந்தது. பிள்ளைகள் எப்போதும் அந்நேரம் அடியில் இருந்த பக்கத்தில்தான் நடந்தார்கள். இதே அப்பச்சன்தான் 1995இல் தாம்பரத்தில் கிஷ்கிந்தா கேளிக்கைப் பூங்காவைத் திறந்தார்.

3டியில் ஒரு வேடிக்கை உண்டு. திரையில் இரண்டு படங்களும் கண் இடைவெளி அளவுக்குக் குறுக்காக மாறி விழுந்தால், பொருள் உங்களுக்கும் திரைக்கும் சரிபாதியில் நிற்கும். பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு ஐந்து மீட்டரில், நாலு மீட்டரில் உட்கார்ந்தவருக்கு இரண்டு மீட்டரில். அரங்கில் ஒரே பாம்பு எல்லோரையும் கொத்த வரும். ஆனால் ஒவ்வொருவரும் வேறுவேறு இடத்தில் கை நீட்டுவார்கள்.

மீதிப் பாதி காதுடையது. உள்காதில் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதைச் சொல்கின்றன. பக்கத்திலேயே ஒரு பசையின் மேல் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள். அவை சாய்வையும் வேகம் கூடுவதையும் சொல்லும். இவற்றுக்கு இரண்டு பலவீனம். மிக மெல்ல நடப்பது எதுவும் இவற்றுக்குத் தெரியாது. அதோடு, பின்னால் சாய்வதும் முன்னால் பாய்வதும் இந்தத் துகள்களுக்கு ஒன்றுதான், இரண்டிலும் அவை பின்பக்கமே சரியும். ஆகவே ரயில் சீறும் காட்சியில் நாற்காலி சும்மா பின்னால் சாய்கிறது. கண் 'சாயவில்லை, பாய்கிறோம்' என்று சாட்சி சொல்ல, முதுகு சீட்டில் அழுந்துகிறது. பத்து டிகிரி சாய்வே நம் எடையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேலான உந்துதலைத் தந்துவிடும். பாதாளத்துக்கு வெடுக்கென ஒரு சின்னச் சறுக்கல் போதும்; மற்றதைப் படம் பார்த்துக்கொள்ளும். அப்புறம் நாற்காலி பூனைபோல, நமக்குத் தெரியாமல் மெல்லப் பழைய இடத்துக்கு வந்து, அடுத்த ஜாணுக்குத் தயாராகும். கெட்டிக்காரத்தனம் குலுக்குவதில் இல்லை, இந்தத் திருட்டுத் திரும்பலில் இருக்கிறது. மட்டமான கடைகளில் அதை விட்டுவிட்டுச் சும்மா குலுக்குகிறார்கள்.

இந்த வித்தை விமானிகளுக்காகப் பிறந்தது. 1929இல் அமெரிக்காவின் எட்வின் லிங்க், தன் அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலையிலிருந்த துருத்திகளை வைத்தே தரையிலேயே நிற்கும் ஒரு விமானிப் பயிற்சிக் கூண்டு செய்தார். நம் சுருதிப்பெட்டித் துருத்தியின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் துருத்தி போய் ஆறு கால் மேடை வந்தது: முன்பின், இடவலம், மேல்கீழ், கூடவே மூன்று விதச் சுழற்சி. 1987இல் டிஸ்னிலாந்து தன் ஸ்டார் டூர்ஸ் சவாரிக்கு விமானிப் பயிற்சிக் கூண்டின் தொழில்நுட்பத்தையே எடுத்துக்கொண்டது.

சரி, அந்த ஒன்பது 'டி' எங்கிருந்து வந்தது? படத்துக்கு மூன்று. நாற்காலி ஆட்டம் ஒன்று, முகத்தில் தண்ணீர் ஒன்று, காற்று ஒன்று, கணுக்காலில் பட்டுப் பதறவைக்கும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று... மீதி கடைக்காரர் மனசுபோல. அடுத்த தெருவில் '12டி' பார்த்தேன்.

பெரியம்மாவுக்கு ஏன் குமட்டியது? பஸ்ஸில் முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண், நகரவில்லை என்கிறது; காது, குலுங்குகிறோம் என்கிறது. இங்கே அப்படியே தலைகீழ்: கண் பறக்கிறது, காது ஒரு ஜாணைத்தான் அறியும். இரண்டு சாட்சியும் முரண்பட்டால் தண்டனை வயிற்றுக்கு.

இதையெல்லாம் விளக்கி, கண்ணை மூடினால் வழக்கு தீர்ந்துவிடும் என்றேன். மறுநாள் அவரே இன்னொரு டிக்கெட் வாங்கச் சொன்னார். பக்கத்தில் பிள்ளைகள் அலற, பெரியம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு நாலு நிமிஷமும் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது சிரித்தார்.

"இதுக்கா நூத்தம்பது? நம்ம ஊரு பஸ்ஸு இதவிட ஆடும்டா."