பிடியில் தொடங்கும் ஆட்டம்

வெறும் 33 விநாடி. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கின் வெண்கலப் போட்டியில் பிரேசில் வீரரைச் சாய்க்க கபில் பர்மாருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் செஹோரைச் சேர்ந்த, ஒரு காலத்தில் டீக்கடை நடத்திய கபில் வென்றதுதான் பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவின் முதல் பதக்கம்.

அந்த 33 விநாடிக்குப் பின்னால் இருக்கும் உடற்பயிற்சியைப் புரிந்துகொள்ள விதி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான ஜூடோவில் எதிராளியின் உடையைப் பற்றுவதே தனிச் சண்டை. பாராலிம்பிக்கில் நடக்கும் பார்வை மாற்றுத்திறனாளிகளின் ஜூடோவில் இருவரும் ஒருவரையொருவர் பிடித்த பிறகுதான் நடுவர் ஆட்டத்தைத் தொடங்குவார். பிடி முழுவதும் விட்டுப்போனால், நிறுத்தி மறுபடி பிடிக்க வைப்பார். விலகி நின்று மூச்சு வாங்க இடமில்லை. ஆட்டம் 4 நிமிடம். சமனில் நின்றால் கூடுதல் நேரத்துக்கு வரம்பும் கிடையாது.

முதலில் சோர்வது முன்னங்கைதான். தசை இறுக்கமாகவே இருந்தால் ரத்த ஓட்டம் குறையும். விரல்கள் மரத்து, பிடி நழுவும். அதனால்தான் கம்பியில் ஜூடோ உடையைப் போட்டு அதைப் பற்றித் தொங்குவது, கயிறு ஏறுவது போன்ற பயிற்சிகள். எத்தனை கிலோ தூக்குகிறார் என்பதைவிட எவ்வளவு நேரம் விடாமல் பிடிக்கிறார் என்பதே இங்கே முக்கியம்.

அடுத்தது சமநிலை. கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்று பாருங்கள், சீக்கிரமே தள்ளாடுவீர்கள். கண் தரும் தகவல் இல்லாதபோது உட்செவியும் மூட்டுகளும் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஒற்றைக்கால் பயிற்சிகளும், துணைவர் இழுத்துத் தள்ள நிலைகுலையாமல் நிற்பதும் இதற்குத்தான். பார்வை போனால் மற்ற புலன்கள் தானாகக் கூர்மையாகிவிடும் என்று சிலர் பாராட்டாகச் சொல்வார்கள். எனக்கு அது அந்த உழைப்பைக் குறைத்துப் பேசுவதாகவே படுகிறது.

மூச்சுத்திறனுக்கு ஓட்டம் என்றால் உடன் ஓட ஒரு வழித்துணை வேண்டும். ஆள் கிடைக்காத நாளில் நிலையான சைக்கிள் போதும்.

இந்தப் பயிற்சிகளுக்குப் பெரிய தடை கருவி அல்ல, கற்பிக்கும் முறை. “என்னைப் பார்த்துச் செய்” என்பது இங்கே பயன்படாது. அனுமதி கேட்டுத் தொட்டுக் காட்ட வேண்டும், வாயால் துல்லியமாகச் சொல்ல வேண்டும், எடைத்தட்டுகளை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். ஜிம் நடத்துபவர்களே, பார்வையற்ற ஒருவர் வந்து கேட்டால் “இங்கே வசதியில்லை” என்று திருப்பி அனுப்பாதீர்கள்.