கூட்டுரையும் திறந்த மூலமும்

வகுப்பில் ஐவர் கூடி ஒரு பொருளை விளக்கிப் பேசுகின்றனர். உழைத்தவர் இருவர், மதிப்பெண் பெறுபவர் ஐவர். எவர் எதைச் செய்தார் என்பதை ஆசிரியரும் அறியார்.

திறந்த மூல மென்பொருளின் முறை வேறு. அதன் நிரலை யாவரும் படிக்கலாம், திருத்தம் சொல்லலாம். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், பல்லாயிரவர் கைப்பட்டு வளர்ந்தது. அவரே 2005-இல் படைத்த ‘கிட்’ என்னும் கருவி, எந்த வரியை எவர், என்று மாற்றினார் எனக் குறித்துவைக்கிறது. மாற்றியவர் காரணத்தையும் உடன் எழுதுகிறார். பிறர் ஆராய்ந்த பின்னரே மாற்றம் ஏற்கப்படும். அங்கே பிழை சுட்டுவது பகையன்று, அதுவும் பங்களிப்பே.

நண்பர்களே, அடுத்த கூட்டுரைக்கு நாமும் அத்தகைய குறிப்பேடு ஒன்று வைப்போம். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துத் திருத்தட்டும். அப்போது ஐவரும் கற்பர். உழைத்தவரும் மறைந்து போகார்.