ஐம்பதில் இல்லறம், ஐம்பத்தாறில் 'மதில்கள்'

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டை, எப்போதும் கூட்டம் குறையாத இடம். பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டையின் கிழக்கு வாசல் அது. எதிரே தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் சாலைக் கடைத்தெரு. அருகிலேயே அரசியல் கட்சிகள் கூட்டம் நடத்தும் காந்தி பூங்கா. நகரப் பேருந்துகள் எல்லாத் திசைகளுக்கும் புறப்படுவது இங்கிருந்துதான். அவற்றில் ஒன்றில் ஏறிச் சில கிலோ மீட்டர் சென்றால் பூஜப்புரை மத்தியச் சிறை வந்துவிடும்.

அந்தச் சிறையில் 1940-களின் தொடக்கத்தில் அரசியல் கைதியாக இருந்தவர் வைக்கம் முகமது பஷீர். மலையாள இலக்கியத்தின் புகழ்பெற்ற காதல் கதைகளில் இரண்டு அந்தச் சிறையோடு தொடர்புடையவை. ஒன்றை அவர் உள்ளே இருந்தபோதே எழுதினார். மற்றொன்றை எழுத இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இந்த இரண்டுக்கும் இடையே, ஐம்பது வயதை எட்டிய நிலையில், அவர் திருமணம் செய்துகொண்டார்.

நாடோடியாகவும் கைதியாகவும் வாழ்ந்த ஒருவர், முடி நரைக்கும் வயதில் வீடு, மனைவி, குழந்தைகள் என்று அமர்ந்தால் எழுத்து என்னவாகும்? பேனா ஓய்ந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. பஷீரின் வாழ்க்கை அதற்கு மாறான சாட்சியம் தருகிறது. அந்தச் சாட்சியத்தின் மறுபாதியைச் சொல்ல வேண்டியவர் அவருடைய மனைவி. அவர் சொன்னது நூலாக வெளிவந்ததோ 2011-இல்தான்.

உப்பிலிருந்து சிறைக்கு

1908 ஜனவரி 21-ஆம் தேதி வைக்கத்தை அடுத்த தலையோலப்பறம்பில் பிறந்தவர் பஷீர். மாணவப் பருவத்திலேயே வீட்டைவிட்டு வெளியேறி, 1930-இல் கோழிக்கோட்டில் உப்புச் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். பகத்சிங்கின் தாக்கத்தால் தீவிர அரசியலில் ஈர்க்கப்பட்டார். பிடியாணை பிறப்பிக்கப்பட்டதும் கேரளத்தைவிட்டு வெளியேறி, பல ஆண்டுகள் நாடு முழுவதும் அலைந்தார்.

திரும்பி வந்தபோது திருவிதாங்கூரில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. தமிழகத்தின் வந்தவாசியில் பிறந்து, 1936 முதல் 1947 வரை திருவிதாங்கூரை ஆட்டிப்படைத்த அதே சி.பி.தான். அவருடைய ஆட்சியை எதிர்த்து எழுதியதற்காகப் பஷீர் மீது தேசத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்டது. முதலில் கொல்லம் காவல் நிலையத்திலும், பிறகு பூஜப்புரை மத்தியச் சிறையிலும் அவர் அடைக்கப்பட்டார்.

சிறையில் எழுதிய 'பிரேமலேகனம்' 1943-இல் நூலாக வந்தது. வங்கி ஊழியரான கேசவன் நாயர், படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் கிறிஸ்தவப் பெண் சாறாம்மாவுக்குக் காதல் கடிதம் கொடுக்கிறார். தனக்கு ஒரு வேலை வாங்கித் தரும்படி அவள் கேட்கிறாள். தன்னைக் காதலிப்பதுதான் வேலை, அதற்குச் சம்பளமும் உண்டு என்கிறார் அவர். பிறக்கப்போகும் குழந்தைக்கு எந்த மதத்தையும் சாராத பெயர் வேண்டும் என்று யோசித்து, சீட்டுக் குலுக்கி 'ஆகாச மிட்டாயி' என்று முடிவு செய்கின்றனர்.

சிரிக்கவைக்கும் இந்தச் சிறிய நூலைத் திருவிதாங்கூர் அரசு 1944-இல் தடை செய்தது. சாதி, மதம் பாராத திருமணம் அன்றைய ஆட்சிக்கு எவ்வளவு கசப்பாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. இன்றைக்கும் கலப்புத் திருமணம் என்றால் கொடுவாள் தூக்கும் ஊர்கள் நாட்டில் இருக்கின்றன. அந்தக் கதை பழசாகிவிடவில்லை.

தாமதமாக வந்த திருமணம்

காதலையும் கல்யாணத்தையும் இப்படி எழுதியவர், தாம் மட்டும் தனியாகவே இருந்தார். எர்ணாகுளத்தில் புத்தகக் கடை நடத்தினார். தம் நூல்களைத் தாமே சுமந்துசென்று விற்றார். 1950-களில் மனநோய் அவரைத் தாக்கியது. சிகிச்சை பெற்றதைப் பிற்காலத்தில் அவரே ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார். 1954-இல் தலையோலப்பறம்பில் குடும்பத்தினருடன் தங்கியிருந்தபோது எழுதியதுதான் 'பாத்துமாவின் ஆடு'. அது நூலாக வெளிவந்தது 1959-இல்.

இடைப்பட்ட 1957-இல் அவர் பாத்திமா பீவியை மணந்தார். மணமகளுக்கு இருபது வயதையொட்டிய பருவம். பாத்திமாவின் 'பா'வும் பீவியின் 'பீ'யும் சேர்ந்து அவர் 'பாபி' ஆனார். இருவருக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டு வயது வித்தியாசம். இன்றைய வாசகருக்கு இது உறுத்தலாம், உறுத்த வேண்டியதும்தான். மனநோய்ச் சிகிச்சை பெற்றவர், நிலையான ஊதியம் இல்லாதவர், போலீஸ் ஆவணங்களில் பெயர் ஏறியவர் என்று தெரிந்தே ஒரு குடும்பம் பெண் கொடுத்தது. அந்த வாழ்க்கையை வாழ்ந்து காட்ட வேண்டிய பொறுப்பு அந்த இளம்பெண்ணின் தலையில் விழுந்தது.

தம்பதிகள் பிறகு கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில் குடியேறினர். ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தனர். 'பேப்பூர் சுல்தான்' என்று கேரளம் செல்லமாக அழைத்த பஷீர், மாங்குஸ்தான் மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு அமர்ந்து கிராமபோனில் பாட்டு கேட்கும் புகைப்படம் இன்று பாடப்புத்தகம்வரை சென்றுவிட்டது. அவரைப் பார்க்க எழுத்தாளர்கள், மாணவர்கள், அரசியல்வாதிகள், முகம் தெரியாத வாசகர்கள் என்று ஆட்கள் வந்தவண்ணம் இருந்தனர். அத்தனை பேருக்கும் தேநீரும் சோறும் வந்த சமையலறை அந்தப் புகைப்படத்தில் இல்லை.

குரல் மட்டும் கேட்ட காதல்

பேனா ஓயவில்லை என்பதற்கு 'மதில்கள்' ஒன்றே போதும். 1964-இல் திருவனந்தபுரத்திலிருந்து வெளிவந்த 'கௌமுதி' வார இதழின் ஓணம் சிறப்பிதழில் அது வெளியானது. அப்போது பஷீருக்கு வயது 56. திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கதைக்களம் பூஜப்புரைச் சிறை. நாயகன் பஷீர் என்ற பெயரிலேயே வருகிறார். மதிலுக்கு அப்பால் பெண்கள் சிறை. அங்கிருந்து நாராயணி என்ற கைதியின் குரல் வருகிறது. முகம் பாராமலே காதல் வளர்கிறது. இருவரும் சிறை மருத்துவமனையில் சந்திக்க நாள் குறிக்கின்றனர். அதற்குள் விடுதலை உத்தரவு வந்துவிடுகிறது. கேட்காத விடுதலையைச் சுமந்து வெளியே நடக்கிறார் நாயகன்.

வெளியே இருப்பதைவிடப் பெரிய சிறை ஏதும் உண்டா என்று வாசகரை யோசிக்கவைக்கும் இந்தக் கதை, அரசியல் கைதிகளின் எழுத்தில் தனி இடம் பெற்றது. அடூர் கோபாலகிருஷ்ணன் இதைத் திரைப்படமாக்கினார். 1989-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் அவருக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. பஷீராக நடித்த மம்மூட்டி, இந்தப் படத்துக்கும் 'ஒரு வடக்கன் வீரகதை'க்கும் சேர்த்துச் சிறந்த நடிகர் விருது பெற்றார். படம் முழுவதும் நாராயணியின் முகம் தெரிவதில்லை. கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டுமே கேட்கிறது.

தமிழில் சுகுமாரன் இந்த நாவலை 'மதில்கள்' என்ற பெயரிலேயே மொழிபெயர்த்துள்ளார். பஷீரின் பல நூல்களைத் தமிழுக்குத் தந்தவர் குளச்சல் மு. யூசுப். குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடும் பின்னர் திரு-கொச்சியோடும் இருந்த மண். இந்தப் பாலம் அங்கிருந்து எழுந்தது பொருத்தமே.

இதே திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த தமிழ் எழுத்தாளர் நகுலனை இங்கு நினைக்காமல் இருக்க முடியாது. கடைசிவரை மணம் செய்துகொள்ளாத அவருடைய எழுத்து முழுவதும் சுசீலா என்ற பெண் உலவுகிறாள். நாராயணியும் சுசீலாவும் கைக்கு எட்டாதவர்கள். ஒருவர் தனிமையிலேயே நின்று எழுதினார். மற்றவர் வீடு நிறைந்த சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து அந்தத் தனிமையை எழுதினார். படைப்புக்குத் தனிமை மட்டுமே வழி என்றோ, இல்லறம் மட்டுமே வழி என்றோ விதி செய்ய இந்த நகரம் இடம் கொடுக்கவில்லை.

அன்னாவும் பாபியும்

உலக இலக்கியத்தில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. ரஷிய எழுத்தாளர் தாஸ்தயேவ்ஸ்கி 1866-இல் 'சூதாடி' நாவலைக் கெடு தேதிக்குள் முடிக்க, அன்னா என்ற இருபது வயதுச் சுருக்கெழுத்துப் பெண்ணை வேலைக்கு அமர்த்தினார். மறு ஆண்டு அவரையே மணந்தார். அப்போது அவருக்கு வயது 45. அவருடைய 'அசடன்', 'கரமசோவ் சகோதரர்கள்' ஆகிய பெரும் நாவல்கள் அதன் பிறகு வந்தவை. கடனைச் சமாளித்ததும் நூல்களைப் பதிப்பித்து விற்றதும் அன்னா. அவருடைய நினைவுக் குறிப்புகள் நூலானது 1925-இல்; அதைப் பார்க்க அவரும் உயிரோடு இல்லை.

இந்தக் காதலை வைத்துப் பெரும்படவம் ஸ்ரீதரன் 1993-இல் எழுதிய 'ஒரு சங்கீர்த்தனம் போலே', மலையாளத்தில் நூறு பதிப்புகளைத் தாண்டி விற்றது. எழுத்தாளனின் பிற்காலக் காதல் கேரள வாசகர்களை எவ்வளவு ஈர்த்தது என்பதற்கு அது அளவுகோல்.

பாபி, அன்னாவைவிடச் சற்றுக் கொடுத்துவைத்தவர். அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட 'பஷீரின்றெ எடியே' 2011-இல் வெளியானபோது அதைக் கையில் வாங்கிப் பார்க்க அவர் இருந்தார். 'எடியே' என்பது நம் ஊர் 'அடியே'தான். பஷீர் மறைந்து அப்போது 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. பாபி 2015 ஜூலையில் காலமானார்.

சட்டம் கண்ட மனைவி

இலக்கிய வரலாறு தாமதமாகக் கண்டுகொண்ட மனைவியை, நாடாளுமன்றம் சற்று முன்பே கண்டுகொண்டது. பஷீர் மணம் புரிந்த அதே 1957-இல்தான் பதிப்புரிமைச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்த 1958 ஜனவரி 21, அவருடைய ஐம்பதாவது பிறந்த நாள். எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள்வரை உரிமை வாரிசுகளுக்கு என்றது சட்டம். தாகூர் நூல்களின் உரிமை முடியும் நிலை வந்தபோது, 1992-இல் அது 60 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. 1994 ஜூலை 5-ஆம் தேதி மறைந்த பஷீரின் நூல்களுக்கு 2054 இறுதிவரை உரிமை உண்டு.

இளமையில் மணந்த எழுத்தாளர் இறக்கும்போது பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போயிருப்பர். தாமதமாக மணந்தவர் விட்டுச்செல்லும் குடும்பம் அப்படியல்ல. மனைவிக்கு முன்னால் இன்னும் பல ஆண்டு வாழ்க்கை இருக்கும். அந்த ஆண்டுகளுக்குச் சோறு போட வேண்டியது புத்தகம்தான். 1972-இல் மத்திய அரசு தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டமும், வீரருக்குப் பின் மனைவிக்கு உதவி தொடர வழி செய்தது. அதே ஆண்டு பஷீருக்குத் தாமிரப் பட்டயம் வழங்கப்பட்டது. 1970-இல் சாகித்ய அகாதெமியின் சிறப்பு உறுப்பினர் தகுதியும், 1982-இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன.

எழுத்தை நம்பி ஒருவர் ஐம்பதில் குடும்பம் தொடங்கும் துணிவுக்குக் கேரளத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. 1945-இல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதலீட்டில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பஷீரின் 'பால்யகால சகி'க்கு முன்னுரை எழுதிய எம்.பி. பால் அதன் முதல் தலைவர். எழுத்தாளர்களே உரிமையாளர்களாக இருந்து தங்கள் நூல்களைப் பதிப்பித்த அந்த ஏற்பாடு, எழுத்தைத் தொழிலாகக் கொள்ள வழிவகுத்தது. தமிழகத்தில் பாரதியின் படைப்புகள் 1949-இல் அரசு வசமானது முதல், நாட்டுடைமை என்பது நமக்குப் பழகிய சொல். வாரிசுகளுக்கு ஒருமுறை பரிவுத்தொகை, நூல் எல்லோருக்கும் என்பது அதன் கணக்கு. எழுத்தாளர் உயிரோடு இருக்கும்போதே அவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்பது கேரளம் போட்ட கணக்கு.

பூஜப்புரையின் மதில்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் மறுபுறம் இருந்த குரலை எழுத பஷீருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அவர் வீட்டு அடுக்களைச் சுவருக்கு மறுபுறம் இருந்த குரல் அச்சேற, மணநாளிலிருந்து 54 ஆண்டுகள் ஆயின.