கபடி சொல்லித் தந்த நீச்சல்

எனக்கு வயது 46. முழங்கால் தேய்மானம். 'நீச்சல் பழகுங்க, மூட்டுல பாரம் விழாது' என்றார் டாக்டர். காலையில் பெண்களுக்கான நேரத்தில் சேர்ந்தேன். மிதக்க வந்துவிட்டது; ப்ரீஸ்டைல்தான் படுத்தியது. பாதிக் குளம் போவதற்குள் மூச்சு முட்டும். விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பயிற்சி தரும் பெண், 'ஸ்கூல்ல என்ன ஆன்ட்டி விளையாடினீங்க?' என்று கேட்டாள். கபடி, த்ரோபால் என்றேன். 'அப்ப கபடி பாடுறதா நினைச்சுக்கோங்க. பாடும்போது மூச்சு வெளியே போய்க்கிட்டே இருக்கும்ல? முகம் தண்ணிக்குள்ள இருக்கிற வரை அப்படியே விட்டுக்கிட்டே வாங்க. இழுக்கும்போது தலையைத் தூக்காதீங்க, பக்கவாட்டுல திருப்புங்க' என்றாள். உண்மைதாங்க! உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடாமல் அடக்குவதால்தான் அந்தத் திணறல். தலையைத் தூக்கினால் காலும் கீழே அமிழ்ந்துவிடும்.

கைக்கும் இதே வழிதான். காலைப் பிடித்து இழுத்தாலும் நடுக்கோட்டைத் தொட எட்டுவோமே, அப்படித் தோளிலிருந்து நீட்ட வேண்டும். த்ரோபால் எறிய இடுப்பைத் திருப்புவது போல உடம்பும் உருள வேண்டும். வெறும் கையால் இழுத்தால் தோள் வலிதான் மிச்சம்.

இரவு படுத்ததும் கண்ணை மூடி, பழைய மைதானத்தை மனசில் ஓட்டிப் பார்ப்பேன். ('தனியா என்ன சிரிப்பு?' என்பார் என்னவர்.)

இரண்டு மாதத்தில் 25 மீட்டர் நிற்காமல் போகிறேன். நிற்காமல் திரும்பி வருவதுதான் பாக்கி.

- ஒரு வாசகி, மதுரை.