பெயர் தெரியாத கேம்ஷாஃப்ட்

அமெரிக்காவில் பழைய செவர்லே 350 எஞ்சினை விற்பவரிடம் உள்ளே என்ன கேம்ஷாஃப்ட் என்று கேட்டால், 'ஏதோ ரேஸ் கேம்' என்பதற்கு மேல் பதில் வருவது அபூர்வம். 1967-இல் வந்த எட்டு சிலிண்டர் எஞ்சின் இது. இஸ்கி, கிரேன், காம்ப் கேம்ஸ் என்று பல கம்பெனிகள் இதற்கு விதவிதமான கேம்களை விற்றிருக்கின்றன. வண்டி கை மாறிக் கை மாறி வருவதற்குள் பில்லும் அட்டைப்பெட்டியும் போன இடம் தெரியாது.

காது கொஞ்சம் துப்புக் கொடுக்கும். ஐட்லிங்கில் எஞ்சின் தடதடவென்று குலுங்கினால், இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்தே திறந்திருக்கும் நேரம் அதிகம் என்று ஊகிக்கலாம். எரிந்த வாயு புதுக் கலவையோடு கலந்துவிடுவதால் வரும் குலுக்கல் அது. ஆனால் வேக்குவம் லீக் இருந்தாலும் எஞ்சின் இப்படித்தான் குலுங்கும்.

டைமிங் கவரையும் பல்சக்கரத்தையும் கழற்றினால், ஷாஃப்டின் முனையில் குத்திய எண் கிடைக்கலாம். லோப்களுக்கு நடுவே புடைத்து நிற்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அது வார்ப்பின் எண். ஒரே வார்ப்பிலிருந்து பல வகைக் கேம்களைக் கிரைண்ட் செய்வார்கள்.

குத்திய எண்ணும் இல்லையென்றால் அளந்துவிட வேண்டியதுதான். (என்னைக் கேட்டால், எண் இருந்தாலும் அளக்கலாம்.) கிராங்க் முனையில் 360 டிகிரித் தட்டு, முதல் சிலிண்டரின் டேப்பட் மேல் டயல் கேஜ். பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம் பூஜ்யம். கிராங்கை மெல்லத் திருப்பி, டேப்பட் 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ. எழும் இடத்தையும், திரும்ப அதே உயரத்துக்கு இறங்கும் இடத்தையும் குறிக்க வேண்டும். லோப்பின் தொடக்கச் சரிவு மிக மென்மையானது. அசைவு தொடங்கும் இடத்தை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு விடை வரும். அதனால்தான் இந்த 0.050.

இன்டேக், உச்சிக்கு 7 டிகிரி முன்பு திறந்து, பிஸ்டன் அடிமட்டம் தொட்டு 39 டிகிரி கழித்து மூடுகிறது என்று வைப்போம். 7, 180, 39 கூட்டினால் 226 டிகிரி. பாதி 113, அதில் 7 போனால், லோப்பின் முகடு உச்சிக்குப் பின் 106-இல் இருக்கிறது. எக்ஸாஸ்ட் முகடு உச்சிக்கு முன் 114 என்று வந்தால், இரண்டுக்கும் நடுவே 220 கிராங்க் டிகிரி. கேம் பாதி வேகத்தில்தான் சுற்றும் என்பதால் லோப்களின் இடைக்கோணம் 110. டேப்பட் அதிகபட்சம் 0.320 அங்குலம் எழுந்தால், 1.5 மடங்கு ராக்கர் வால்வை 0.480 தூக்கும்.

இந்த எண்களோடு கேட்டலாக்கைப் புரட்டினால் இரண்டு மூன்று கம்பெனிகளின் கேம்கள் பொருந்தி நிற்கலாம். நிற்கட்டுமே. வால்வ் ஸ்பிரிங் அந்த 0.480-ஐத் தாங்குமா, எந்த கார்புரேட்டர் ஒத்துவரும் என்பதற்கெல்லாம் அளவு போதும், கம்பெனிப் பெயர் வேண்டாம்.

டயல் கேஜை எடுத்து வைப்பதற்கு முன் 16 லோப்களின் உயரத்தையும் பார்த்துவிடுவது நல்லது. இன்டேக்கில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தால் அது தேய்ந்த லோப். அப்போது எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கேம், டேப்பட் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.